அடி தாங்கும் மூக்கு

“மூக்கை இன்னும் கொஞ்சம் கெட்டியாப் பண்ணுங்கம்மா,” என்றார் இயக்குநர். “ஒரு ஆட்டத்துக்கு இருபது அடியாவது விழும். தாங்கணும்.”

பொம்மைகளுக்கு முகம் செய்கிற அச்சுக்காரி நிமிர்ந்து பார்க்கவில்லை. அரத்தால் பொம்மையின் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காகிதக் கூழும் பசையும் ஏழு அடுக்கு ஏறிய தலை அது. இதற்கு மேல் கெட்டியாக வேண்டுமென்றால் கொல்லுப்பட்டறையில்தான் கொடுக்க வேண்டும் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“இருபதா சார்? கதையில ஒரு தடவைதானே அடிக்கிறாங்க?”

“கதை வேற, மேடை வேற.”

அந்தப் பதிலை அவர் எதற்கும் சொல்வார். டீ ஆறிப்போனாலும் சொல்வார்.

கதை ருஷ்யாவிலிருந்து வந்த பழைய கதை. பனி கொட்டும் ஊர் ஒன்றில் ஓர் இலாகா. அங்கே பதிவேடுகளுக்குக் கோடு போட்டுக் கொடுக்கிற கடைசிப் படிக் குமாஸ்தா. இருபது வருஷம் கோடு போட்டவனுக்கு ஒரு நாள் மேசை மேலிருக்கிற முத்திரைக் கட்டை பேச ஆரம்பிக்கிறது. முதலில் அதோடு சண்டை போடுகிறான். அப்புறம் அது சொல்வதையெல்லாம் கேட்கிறான். கடைசியில் பைத்திய விடுதியில் போட்டு, கட்டி வைத்து அடிக்கிறார்கள். அச்சுக்காரி அதை ஒரே மூச்சில் படித்தாள். முத்திரைக் கட்டை பேசுவதற்கு முன்னால் முப்பது பக்கம் வருகிறது. அந்த முப்பது பக்கத்திலும் ஒரு மனிதர்கூட அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அந்தப் பக்கங்களைத்தான் அவள் திரும்பப் போய்ப் படித்தாள். இயக்குநர் நாடகமாக்கியபோது அந்த முப்பது பக்கத்தையும் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டு, அடிக்கிற இடத்தைப் பதினொரு நிமிஷத்துக்கு இழுத்துவிட்டார்.

பெரியவர்களுக்கான பொம்மலாட்டம் என்று போட்டுத்தான் அந்தக் குழு நான்கு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. பொம்மை என்றதுமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஆனால் பெரியவர்களுக்கு என்றால் என்ன என்பதில் இயக்குநருக்கும் அவளுக்கும் ஒத்துப்போனதே இல்லை. அவர் கணக்கில் பெரியவர்கள் என்றால் கெட்ட வார்த்தை, அவிழ்கிற கால்சட்டை, விழுகிற அடி. இதற்கு எதற்கு ருஷ்யாவரை போக வேண்டும், எந்தத் தெருமுனையில் நின்றாலும் கிடைக்குமே என்று அவளுக்கு எரியும்.

குழு இருந்தது ஒரு பழைய கிடங்கில். முன்பாதி ஒத்திகைக்கு, பின்பாதி அவளுடைய பட்டறை. பொம்மை நான்கடி உயரம். கறுப்பு உடுத்திய மூன்று பேர் சேர்ந்து அதை நடத்துவார்கள். தலையையும் வலக்கையையும் பிடிப்பவர் ஒருத்தர், இடக்கைக்கு ஒருத்தர், காலுக்கு ஒருத்தர். பிடிக்கிற இடமே அவர்களுக்குப் பெயராகிப் போனது. தலையக்கா, கை, கால். தலையக்கா மூச்சு இழுத்தால் மற்ற இருவரும் இழுக்க வேண்டும். அப்போதுதான் பொம்மை மூச்சு விடும். கால் என்பவர் ஐம்பதைத் தாண்டிய முன்னாள் தையல்காரர்.

“நாலு வருஷமா முட்டி போட்டே நடக்குறேன்,” என்பார். “எங்க வேலைன்னு கேட்டா கால் இலாகாவுலன்னு சொல்லிக்கிறேன். பதவி உயர்வு வந்தா இடுப்புக்குப் போவேன்.”

முகங்களை அச்சுக்காரி கற்பனையில் செய்வதில்லை. வாழ்ந்த முகம்தான் மேடையில் நிற்கும் என்பது அவள் பிடிவாதம். ஆளை உட்காரவைத்து, புருவத்துக்கும் மீசைக்கும் களிம்பு தடவி, மூக்கில் இரண்டு குழாய் செருகி, முகம் முழுக்கச் சாந்து பூசி அச்சு எடுப்பாள். இதற்கெல்லாம் வெளி ஆள் எவன் வருவான்? சொந்தக்காரர்கள்தான் மாட்டுவார்கள். ஒரு நாடகத்தில் அவள் மாமியார் மகாராணி. இன்னொன்றில் அவள் கணவன் கொலைகாரன். மாமியார் இன்னமும் அந்தப் பொம்மையின் படத்தை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். கொலைகாரன் காட்டுவதில்லை.

குமாஸ்தாவுக்கு அவள் அண்ணனைப் பிடித்தாள். இரும்பு யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். இளவயதில் கொக்கி பட்டு இடப்பக்கம் வளைந்துபோன மூக்கு, இடப்புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு, எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது போன்ற வாய். கல் உடைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்து, அந்தக் கல்லோடு பேசியே வளர்ந்த முகம். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தவர் கேட்டார்: “என்ன வேஷம்?”

“இலாகாவுல உத்தியோகம் அண்ணே. கோட்டுப் போட்ட ஆளு.”

“கோட்டா? நமக்கா?” என்று சிரித்தார். அதற்குள் சாந்து வாயை மூடிவிட்டது. மேற்கொண்டு கேட்க அவரால் முடியவில்லை. சொல்ல அவளும் முயலவில்லை. உத்தியோகம் என்றது பொய்யில்லை, கோட்டும் பொய்யில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பைத்தியக்காரன் என்றால் உட்கார மாட்டார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் சொல்லவில்லை.

ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, இருபது பேரை அழைத்து அடிக்கிற காட்சியை மட்டும் போட்டுக் காட்டினார் இயக்குநர். விடுதிக் காவலராக இரண்டு நடிகர்கள், நிஜ ஆட்கள். கையில் பிளந்த கட்டை; பட்டால் சத்தம் பெரிசு, அடி சிறிசு. பொம்மையின் முகத்தில் முதல் அடி விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. தலையக்கா பொம்மையின் தலையை மெல்ல அடித்தவன் பக்கம் திருப்பி அவனைப் பார்க்க வைத்தார். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள்.

“நிறுத்துங்க,” என்றார் இயக்குநர். “பார்க்கக் கூடாது. அவன் பார்த்தா இவங்க சங்கடப்படுறாங்க. அடி விழுந்ததும் தலை பம்பரமாச் சுத்தட்டும். கால் ரெண்டும் மேல போகட்டும்.”

தலை பம்பரமாகச் சுற்றியது. கால் இரண்டும் மேலே போயின. இருபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அச்சுக்காரி பின்னால் நின்று, சுற்றுகிற அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த ஈரத்துணியை முறுக்கி முறுக்கிச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஆக்கியிருந்தாள்.

மறுவாரம் திங்கட்கிழமை மத்தியானம் அண்ணன் பட்டறைக்கே வந்தார். எண்ணெய்ப்பிசுக்கு ஏறிய யார்டு உடை. கையில் சுருட்டிய சுவரொட்டி. பின்பக்கம் பசை இன்னும் காயவில்லை. மேசை மேலிருந்த அரங்களை ஒதுக்கிவிட்டு அதை விரித்தார். மூன்றடி அகலத்துக்கு அவர் முகம். வாய் கோணி, கண் பிதுங்க வர்ணம் தீட்டிய முகம். வளைந்த மூக்கும் வெட்டுப்பட்ட புருவமும் அப்படியே.

“இது யாரு?”

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“உத்தியோகஸ்தன்னு சொன்னே.”

“உத்தியோகஸ்தன்தான் அண்ணே, கதைப்படி…”

“கீழ என்ன எழுதியிருக்கு? படி.”

“பைத்தியக்காரக் குமாஸ்தா.”

“அதுக்குக் கீழ?”

“பெரியவர்களுக்கு மட்டும்.”

“அதைத்தான் யார்டுல ஒருத்தன் விடாம கேக்குறான். துணியோட வருவியா, இல்லாம வருவியான்னு.” அவர் சிரிக்கவில்லை. “சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க. நானும் எத்தனையோ பேரைப் பார்த்து சிரிச்சவன்தான். இதைப் பாரு.”

சட்டைப்பையிலிருந்து ஒரு மெமோவை எடுத்துச் சுவரொட்டி மேலேயே வைத்தார். ‘தேவையற்ற அச்சத்தைப் பரப்பும் வகையில் தொடர்ந்து கடிதம் எழுதி வருவதால், தங்கள் மனநிலைத் தகுதி குறித்து வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நிறுவன மருத்துவர் முன்பாக’ என்று போயிற்று அது.

விஷயம் அவளுக்குக் கொஞ்சம் தெரியும். கிரேனில் பிரேக் சரியில்லை. நிறுத்தின பிறகும் சுமை ஒரு சாண் தானாக இறங்குகிறது. இன்றைக்கு ஒரு சாண், நாளைக்கு ஓர் ஆள் உயரம். இதை அண்ணன் மூன்று முறை மேனேஜருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்கு, பிரேக் நல்ல நிலையில் இருப்பதாக மேனேஜர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வந்தது. மூன்றாவதற்கு இந்த மெமோ.

“என் மூணாவது கடிதத்தைத் தன் ரூம் சுவத்துல ஒட்டி, பக்கத்துலேயே இந்தப் படத்தை ஒட்டி வச்சிருக்கான் அந்த ஆளு. வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுறான். பாருங்க, நம்ம கிரேன்காரர் கலைத்துறைக்குப் போயிட்டாருன்னு.”

“நான் போய்ப் பேசுறேன் அண்ணே.”

“என்ன பேசுவே? வியாழக்கிழமை என்னை லூசுன்னு எழுதிட்டா கேட்டுல வாட்ச்மேனா உக்கார வச்சிடுவான், அது போகட்டும். அந்தச் சீட்டுல பிரேக்கைப் பத்தி வாயே திறக்காத ஒருத்தனை ஏத்துவான். கீழ நிக்கிறவன் பூரா நம்மாளுங்க.” சுவரொட்டியைச் சுருட்டப் போனார், பசை மேசையோடு ஒட்டிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். உட்காரவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை.

அச்சுக்காரி நேராக ஒத்திகை மேடைக்குப் போனாள். மூவரும் பொம்மையைப் பிடித்தபடி நிற்க, இயக்குநர் கையில் பென்சிலோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அண்ணன், கிரேன், கடிதம், மெமோ, சுவரில் ஒட்டிய படம். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். இயக்குநர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் கண் விரிவதைப் பார்த்து, புரிந்துகொண்டார் என்றே நினைத்தாள்.

“அந்தக் கடிதமெல்லாம் உங்க கையில இருக்கா?” என்று கேட்டார்.

“எதுக்கு சார்?”

“வசனத்துல போடலாம்மா. குமாஸ்தா அடி வாங்கிக்கிட்டே பிரேக், பிரேக்னு கத்துறான். நிஜமான பைத்தியத்தோட கடிதம்னா அதுக்கு ஒரு வேகம் இருக்கும்.”

கை என்பவன் பிடித்திருந்த இடக்கை தொங்கிப்போனது. தலையக்கா, “சார்,” என்றார் மெல்ல.

“எங்கண்ணன் பைத்தியம் இல்ல சார்,” என்றாள் அச்சுக்காரி.

“சரிம்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உடனே கோவப்பட்டா எப்படி? கலைன்னா நாலு பேருக்கு உறுத்தத்தான் செய்யும்.”

“உறுத்தறது நாலு பேருக்குன்னா பரவாயில்ல. இது ஒருத்தருக்கு மட்டும்தான் உறுத்துது. மத்தவங்கெல்லாம் சிரிக்கிறாங்க. மூஞ்சியை மாத்தணும்.”

“பத்து நாள் ஒத்திகை, ஊர் பூரா போஸ்டர். மாத்துறதுக்கில்ல.” அவர் தன் காகிதத்துக்குத் திரும்பிவிட்டார். “பொம்மை குழுவோட சொத்து. உங்க அண்ணனோடது இல்ல.”

அப்போதுதான் அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. ஒரு மனிதனின் மூக்கை வாங்கி, புருவத்தை வாங்கி, சொல்ல வந்து நிறுத்திய வாயை வாங்கி, இது இனிமேல் எங்கள் சொத்து என்கிறார்கள். அவன் கையால் எழுதிய கடிதத்தையும் கேட்கிறார்கள். யார்டிலும் இதைத்தான் செய்கிறார்கள். உழைப்பை எடுத்துக்கொள்வார்கள், முதுகை எடுத்துக்கொள்வார்கள், வாயைத் திறந்தால் பைத்தியம் என்பார்கள். அவள் தலையக்காவின் பக்கம் கையை நீட்டினாள். தலையக்கா ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு, குழந்தையைக் கைமாற்றுவது போல, பொம்மையின் தலையைக் கழற்றிக் கொடுத்தார்.

பட்டறைக்கு எடுத்துப்போய், மேசையில் பொருத்திய இடுக்கியில் வைத்து இறுக்கினாள். முரட்டு அரத்தை எடுத்தாள். முதலில் மூக்கு. அடி தாங்கச் செய்த மூக்கு சுலபத்தில் போகவில்லை. கால் மணி நேரம் தேய்க்க வேண்டியிருந்தது. பிறகு புருவம், தழும்பு, வாய். வாசலில் நின்று இயக்குநர் என்னென்னவோ சொன்னார். காகிதத் தூள் அவள் முழங்கைவரை பறந்து அப்பியது. கடைசியில் இடுக்கியில் ஒரு வெள்ளை முட்டைதான் இருந்தது. அலமாரியிலிருந்து சாந்து அச்சையும் எடுத்துத் தரையில் போட்டாள். நான்கு துண்டாயிற்று.

“பைத்தியமா உனக்கு?” என்றார் இயக்குநர்.

“ஆமா சார். எழுதிக்குங்க, வசனத்துக்கு ஆகும்,” என்றாள்.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஓடித்தான் போனாள் என்று சொல்ல வேண்டும். கைகளில் இன்னும் தூள். அண்ணி யார்டு உடைகளை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

“அழிச்சிட்டேன் அண்ணே. மூஞ்சியும் இல்ல, அச்சும் இல்ல.”

மெச்சுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பூட்ஸைக் கீழே வைத்தார்.

“என்னைக் கேட்டியா?”

“உனக்காகத்தானே…”

“எனக்காகத்தான், சரி. கேட்டியா? அன்னைக்குச் சாந்து பூசினப்ப உண்மையைச் சொல்லல. இன்னைக்கு அரம் போட்டப்ப ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு தடவையும் என் மூஞ்சிதான். ரெண்டு தடவையும் நீயே முடிவு பண்ணிட்டே. உங்க டைரக்டருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?”

“அண்ணே, அவரையும் என்னையும் ஒண்ணாச் சேர்க்காதே.”

“சேர்க்கல. நீயாத்தான் போய் அவர் பக்கத்துல நின்னுக்கிட்டே. அந்தத் தலையைக் கொண்டா, விசாரணையில மேசை மேல வைக்கிறேன்னு நாளைக்கு உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். இதான் பைத்தியம், நான் கிரேன்காரன், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்கன்னு சொல்லலாம்னு. இப்ப என்ன வைக்கிறது? உன் கோவத்தையா வைக்கிறது?”

கோபத்தோடு வந்தவளுக்கு அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. அண்ணிதான் பேச்சைத் திருப்பினார்: “முதல்ல கையைக் கழுவிட்டு வா. பார்த்தா மாவு மில்லுல இருந்து வந்தவ மாதிரி இருக்கு.”

கழுவிவிட்டு வந்தவளிடம் அண்ணன் சொன்னார்: “வியாழக்கிழமை லீவு போட்டுட்டு வா. போஸ்டருக்கு நான் காரணம் இல்லைன்னு டாக்டர்கிட்ட உன் வாயால சொல்லு. அது போதும்.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு யார்டில் வெயில் இரும்பில் பட்டுத் தெறித்தது. மேனேஜர் சலவைச் சட்டையோடு வந்தார். டாக்டர் நடுவயதுக்காரர், தோல்பையும், எப்போது முடியும் என்ற முகமுமாக நின்றார். அச்சுக்காரி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். “போஸ்டர்ல இருக்கிற முகம் நான் பண்ணின தப்புங்க. அவருக்குத் தெரியாம எடுத்தது.”

“நாங்க ஒண்ணும் சொல்லலையேம்மா,” என்றார் மேனேஜர், பல் தெரிய. “பைத்தியம்னு அச்சடிச்சு ஊர் பூரா ஒட்டினது நீங்கதான்.”

சாட்டையால் அடித்தாற்போல் இருந்தது. ஏனென்றால் அது நிஜம்.

டாக்டர் அண்ணனிடம் நாள், கிழமை கேட்டார். நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொன்னார். அண்ணன் குறைத்தார். தூக்கம் எப்படி என்றதற்கு, “பிரேக் மாத்தினா நல்லா வரும்,” என்றார். பிறகு டாக்டர், வேலை செய்யும்போது பார்க்க வேண்டும், ஏதாவது தூக்கிக் காட்டுங்கள் என்றார். மேனேஜர் தலையாட்டினார். சுற்றி வேலை தானாகவே நின்றுபோய், முப்பது பேர் வரை கூடிவிட்டார்கள்.

அண்ணன் ஏணியில் ஏறினார். பாதியில் நின்று கீழே பார்த்தார்.

“டாக்டர், மூணு டன் தகட்டுக் கட்டைப் பத்தடி தூக்கி நிறுத்தப்போறேன். பிரேக் நல்லாயிருக்குன்னு மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்காரு. என் கடிதம் பைத்தியக்காரத்தனம்னா அவர் கையெழுத்து நிஜம். ஒரு நாற்காலி கொண்டாரச் சொல்லுங்க. கட்டுக்கு அடியில போட்டு அவரு உக்காரட்டும். அஞ்சு நிமிஷம். உக்காந்து எழுந்தார்னா, நான் லூசுன்னு நானே எழுதிக் குடுக்குறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் போய் மேனேஜரின் அறையிலிருந்து அவருடைய நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்தார். மெத்தை வைத்தது. எந்த இடத்தில் கட்டு தொங்குமோ, அந்த இடத்தில் சரியாகப் போட்டு, கைக்குட்டையால் தட்டித் துடைத்தும் விட்டார்.

மணி அடித்து, கட்டு மேலே ஏறியது. நாற்காலிக்கு நேர் மேலே பத்தடியில் நின்றது.

“இதெல்லாம் என்ன கூத்து,” என்றார் மேனேஜர்.

“உக்காருங்க சார்,” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல், மரியாதையாக.

மேனேஜர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கட்டைப் பார்த்தார். கட்டு, யாரும் தொடாமல், சத்தமில்லாமல், ஒரு சாண் இறங்கி நின்றது. டாக்டர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவர் நின்றிருந்த இடம் அதற்கு வெகு தூரம், இருந்தும் நகர்ந்தார். இன்னும் ஒரு சாண் இறங்கியது.

அச்சுக்காரி மேனேஜரின் முகத்தைப் பார்த்தாள். வேலைப் பழக்கம், முகத்தைத்தான் பார்ப்பாள். நெற்றியில் அசைவில்லை, கன்னத்தில் இல்லை. கீழுதடு மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் கோப்பை மூடினார். “எனக்கு இங்க வேலை இல்லைங்க. மெக்கானிக்கைக் கூப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அரை மணி நேரத்தில் ‘பழுது பார்க்கும்வரை இயக்கக் கூடாது’ என்று ஒரு அட்டை கிரேனில் தொங்கியது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சுவரில் ஒட்டிய படத்தைக்கூட மேனேஜர் கிழிக்கவில்லை. அண்ணனே போய்க் கிழித்துவிட்டு, கடிதத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள். கேட்பதற்கு முன் இரண்டு பஸ்ஸை விட்டாள்.

“அண்ணே, ஆட்டத்துக்கு நாலு நாள்தான் இருக்கு. தலை இல்ல. அது பைத்தியக்காரன் வேஷம். அவனைக் கட்டி வச்சு அடிப்பாங்க, பார்க்கிறவங்க சிரிப்பாங்க. இப்ப நேராக் கேக்குறேன். உன் முகத்தைத் தருவியா?”

அவர் வளைந்த மூக்கை விரலால் ஒரு தடவை தேய்த்துக்கொண்டார்.

“தரமாட்டேன்.”

“சரி,” என்றாள்.

“கோவமா?”

“இல்ல அண்ணே. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.”

வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்குப் போனபோது எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். முகமில்லாத தலை மேசை மேல் உட்கார்ந்திருந்தது. இயக்குநர் தன்னை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று நினைத்து அவள் தன் அரங்களைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். ஆனால் மூன்று நாளில் வேறு அச்சுக்காரியைத் தேடுவது ஆகாத காரியம் என்று இயக்குநருக்கும் தெரிந்திருந்தது.

“நடந்தது நடந்துபோச்சு,” என்றார். “உங்க அண்ணனை இன்னொரு தடவை உக்காரச் சொல்லுங்க. சன்மானம் வேணும்னாலும் பேசலாம்.”

“என்ன வேஷம்னு சொல்லித்தான் கேட்டேன் சார். மாட்டேன்னுட்டார்.”

“அப்படி ஏன் கேட்டீங்க?” என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

கால் என்பவர் குனிந்து தன் முட்டியைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டார். கை என்பவனிடம் கேட்கலாமா என்று இயக்குநர் அவன் பக்கம் திரும்பினார். “எனக்கு ரெண்டு பொண்ணு இருக்காங்க சார். ஆட்டம் பார்க்க வருவாங்க,” என்றான் அவன். தலையக்கா கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டார்.

அச்சுக்காரி துணியைப் பிரித்தாள். வாளியில் தண்ணீர் பிடித்து, சாந்துத் தூளைக் கொட்டிக் கலக்க ஆரம்பித்தாள். களிம்பையும் இரண்டு குழாயையும் ஸ்டூல் பக்கத்தில் எடுத்து வைத்தாள்.

“நீங்க உக்காருங்க சார்.”

“நானா?”

“நல்ல முகம் சார். நெத்தி அகலம். மேடையில எடுத்துக் காட்டும்.”

அவர் கை தன்னாலே தாடையைத் தடவியது. ஒரு கணம் முகத்தில் சந்தோஷம்கூட வந்தது. பிறகு மேசை மேல் கிடந்த நாடகப் பிரதியின் பக்கம் கண் போயிற்று.

“அந்தப் பதினொரு நிமிஷம்…” என்றார்.

“நீங்க எழுதினதுதானே சார்.”

“எனக்கு மூக்கடைப்பு இருக்கும்மா. குழாயில எல்லாம் மூச்சு விட முடியாது.”

“எங்கண்ணனுக்கு மூக்கே வளைஞ்சிருக்கு சார். பத்து நிமிஷம் விட்டாரு.”

இயக்குநர் பிரதியை எடுத்து அடிக்கிற காட்சியைத் திறந்தார். முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், எதையும் எழுதவில்லை. சாந்து யாருக்கும் காத்திருக்காது. கலக்கிய பத்து நிமிஷத்தில் பிடித்துவிடும். கரண்டி முதலில் இழுத்தது, பிறகு நின்றது, பிறகு வெளியே வர மறுத்தது. அச்சுக்காரி வாளியைக் கவிழ்த்து அடியில் தட்டினாள். வாளி வடிவத்திலேயே கட்டியாக ஒரு வெள்ளைக் கல் தரையில் விழுந்து உருண்டது.

“நாளைக்குக் காலையிலயும் கரைப்பேன் சார்,” என்றாள் கையைத் துடைத்துக்கொண்டே. “யார் உக்காரப்போறீங்கன்னு பேசி வையுங்க. இல்லைன்னா அடிக்கிறதைப் பத்திப் பேசி வையுங்க.”